வலைத் தட்டும் வானலையும்
வீட்டு மாடியில் அமைக்கும் அலைவாங்கி: ஒரு செய்முறைப் பாடம்

புனே மாவட்டத்தின் வடபகுதியில், நாராயண்காவ் என்னும் ஊரைச் சுற்றியுள்ள ஜுன்னர் வட்டாரத்தில், நம் நாட்டின் அலைவாங்கித் தொழில்நுட்ப வரலாற்றின் இரு முக்கிய அடையாளங்கள் அருகருகே அமைந்துள்ளன. ஒன்று ஆர்வி என்னும் சிற்றூரில் 1971ஆம் ஆண்டு நிறுவப்பட்ட செயற்கைக் கோள் தரை நிலையம். விக்ரம் சாராபாயின் பெயர் தாங்கிய அந்நிலையத்தின் பெருந்தட்டு ஏறக்குறைய 30 மீட்டர் விட்டம் கொண்டது. மற்றொன்று கோடட் கிராமத்தை மையமாகக் கொண்ட மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கி. இங்கு ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள் சுமார் 25 கிலோமீட்டர் பரப்பில் பரந்து நிற்கின்றன.

ஆர்வியின் தட்டைவிடக் கோடட்டின் ஒவ்வொரு தட்டும் பெரியது. எண்ணிக்கையிலோ முப்பது மடங்கு. ஆயினும், வளம் குறைந்த ஒரு நாட்டின் ஆராய்ச்சி நிறுவனம் தன் வரவு செலவுத் திட்டத்திற்குள் இதனைச் செய்து முடித்தது. இதன் காரணத்தை அறிந்து கொண்டால், வீட்டு மாடியில் அலைவாங்கித் தட்டு ஒன்றை அமைக்க விரும்பும் மாணவருக்கும், பள்ளி ஆய்வுக்கூடத்திற்குக் கருவி தேடும் ஆசிரியருக்கும், பொதுப் பணத்தைச் செலவிடும் நிர்வாகிக்கும் பயன்படும் ஒரு பாடம் கிடைக்கும். அப்பாடத்தைச் சுருங்கக் கூறின், 'தேவைக்கு வேண்டிய துல்லியத்தை மட்டும் விலை கொடுத்து வாங்குக' என்பதாகும்.

தட்டு என்ன செய்கிறது?

பூமியின் நடுக்கோட்டிற்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள், பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் செல்வதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றுகிறது. அத்தொலைவிலிருந்து வந்து சேரும் அலை மிக மெலிந்தது. அதனைத் திரட்டி ஒரு புள்ளியில் குவிப்பதே தட்டின் பணி. மழைநீரைப் பரந்த கூரையில் ஏந்தி ஒரே குழாயில் இறக்குவது போன்றது இது. தட்டின் பரப்பு மிகுந்தால் திரளும் அலையும் மிகும்.

இணையாக வரும் அலைகளையெல்லாம் ஒரே புள்ளியில் குவிக்கும் வடிவம் பரவளையமாகும். அப்புள்ளி குவியம் எனப்படும். ஆனால் தட்டின் பரப்பு எந்த அளவுக்கு இவ்வடிவத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும் கேள்வி. பொறியாளர்கள் கைக்கொள்ளும் எளிய விதி இதுவே: மேடுபள்ளங்கள் அலைநீளத்தில் பதினாறில் ஒரு பங்கிற்குள் அடங்கினால் போதும். மற்றொரு விதியும் உண்டு. பரப்பில் உள்ள துளைகள் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியனவாக இருந்தால், அலைக்கு அது துளையற்ற தகடாகவே தோன்றும்.

இவ்விரு விதிகளையும் நடைமுறை எண்களில் பார்ப்போம். 860 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர். ஆகவே 2 சென்டிமீட்டர் வரை பிசகினாலும் பாதகமில்லை. 3 சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையே தகடாக உதவும். 4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 7.5 சென்டிமீட்டர். பிசகு 5 மில்லிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். இன்றைய டி.டி.எச். ஒளிபரப்புகள் வரும் 11 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளுக்கோ நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே. அங்கு ஒன்றரை மில்லிமீட்டர் நெளிவுகூட இழப்பைத் தரும். அதனால்தான் டி.டி.எச். தட்டு அச்சில் அழுத்திய தகடாக வருகிறது. அதனைக் கையால் வலை பின்னிச் செய்ய முனைவது வீண் உழைப்பு.

கோடட்டின் தொலைநோக்கி 21 சென்டிமீட்டரும் அதற்கு மேற்பட்டதுமான அலைநீளங்களுக்கென வகுக்கப்பட்டது. எனவே பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் திண்ணிய தகட்டைக் கைவிட்டு, இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளின்மீது 0.55 மில்லிமீட்டர் தடிப்புள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலையைப் பொருத்தினர். வலையின் கண் தட்டின் நடுப்பகுதியில் 10 மில்லிமீட்டர், விளிம்பில் 20 மில்லிமீட்டர். இதனால் கிடைத்த பெரும் சிக்கனம் வலையின் விலையில் மட்டும் இல்லை. வலையினூடே காற்று புகுந்து செல்வதால், புயலின் அழுத்தத்தைத் தாங்கும் பொருட்டு அமைக்க வேண்டிய தூண், பற்சக்கரம், அடித்தளம் ஆகிய அனைத்தும் இலேசாயின. 2001ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இத்தொலைநோக்கி, உலகின் பல நாட்டு விஞ்ஞானிகள் நேரம் கேட்டு வரிசையில் நிற்கும் கருவியாக விளங்குகிறது.

இச்சிந்தனை திடீரெனத் தோன்றியதன்று. ஆஸ்திரேலியா அன்பளிப்பாக அளித்த ஆறடி விட்டமுள்ள 32 சிறு தட்டுகளைக் கொண்டு 1965இல் பம்பாய்க்கு அருகிலுள்ள கல்யாணில் ஸ்வரூப் தம் முதல் வானொலி ஆய்வு நிலையத்தை அமைத்தார். 1970இல் நம் உதகமண்டலத்தில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள தொலைநோக்கி எழுந்தது. அதன் எதிரொளிப் பரப்பு வலைகூட இல்லை. நீளவாட்டில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள் மட்டுமே. 92 சென்டிமீட்டர் அலைக்கு அதுவே போதுமானதாயிற்று.

கோழிக்கூட்டு வலையும் 2,400 கிராமங்களும்

இதே தத்துவம் பெரும் சமூகப் பயனுக்கு உதவிய வரலாறு 1975ஆம் ஆண்டிற்குரியது. அமெரிக்காவின் நாசா நிறுவனத்தோடு 1969இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக் கோள் ஓராண்டுக் காலத்திற்கு நமக்குக் கிடைத்தது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்ற 'சைட்' எனும் செயற்கைக் கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையில் ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்கள் பங்கு கொண்டன. உழவு, உடல் நலம், குடும்ப நலம், பள்ளிப் பாடம் ஆகியவை பற்றிய நிகழ்ச்சிகள் நேரடியாக வானிலிருந்து ஊர்ப் பொதுப் பெட்டிக்கு இறங்கின. ஆமதாபாத்தில் யஷ்பாலின் தலைமையில் இயங்கிய விண்வெளிப் பயன்பாட்டு மையமும், திட்ட மேலாளராக இருந்த ஏ.வ. சிட்னிசும் இம்முயற்சியின் தூண்கள் எனலாம்.

அக்கிராமங்களில் நிறுத்தப்பட்ட தட்டு 3 மீட்டர் விட்டமுள்ளது. கோழிக்கூடு கட்டப் பயன்படும் கம்பி வலையால் ஆனது. ஒளிபரப்பு 860 மெகாஹெர்ட்ஸில் வந்தமையால், மேலே கண்ட கணக்கின்படி அதுவே போதுமானது. பெட்டிகளை ஐதராபாத்தின் மின்னணுக் கழகம் தயாரித்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் பெட்டிகள் மின்கலத்தால் இயங்கின. ஓர் ஊரின் தட்டு விலையுயர்ந்த அலுமினியத் தகட்டால் ஆகியிருப்பின், அதே நிதியில் எத்தனை ஊர்களை விட்டுவிட நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். துல்லியத்தில் செய்த சிக்கனம் பரவலாக மாறியது என்பதே இங்குள்ள பொருளாதார உண்மை.

எனினும் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக் கோள் மேற்குத் திசைக்கு நகர்த்தப்பட்டது. வலைத் தட்டு ஊரில் நின்றது. வானில் அலை இல்லை. தரைவழி ஒளிபரப்பு எட்டிய சில பகுதிகள் நீங்கலாக, ஏனைய ஊர்கள் 1983இல் விண்ணில் ஏவப்பட்ட இன்சாட்-1பி போன்ற நம் சொந்தக் கோள்களுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. வாங்கும் கருவி எளிதாக இருந்தால் மட்டும் போதாது. அனுப்பும் கருவியும் நம் கையில் இருத்தல் வேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

வீட்டிற்குள் வந்த அலை

சைட் ஒளிபரப்பு இந்தியக் கிராமங்களுக்கென அனுப்பப்பட்டதெனினும், அதன் விளிம்பு அலைகள் வேறு சில இல்லங்களையும் எட்டின. செயற்கைக் கோள்வழித் தகவல் தொடர்பை 1945ஆம் ஆண்டிலேயே கட்டுரை வாயிலாக எடுத்துரைத்த ஆர்தர் கிளார்க் அப்போது இலங்கையில் வாழ்ந்து வந்தார். கொழும்பில் அவருடைய இல்லத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறியாளர்கள் 1975இல் ஒரு தட்டை அமைத்துத் தந்தனர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஸ்டீபன் பர்க்கில் என்னும் பொறியாளர் தம் வீட்டிலேயே செய்த தட்டையும் வாங்கியையும் கொண்டு அதே ஆண்டு இந்திய நிகழ்ச்சிகளின் படத்தைப் பெற்றார். மறு ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டெய்லர் ஹாவர்டு என்னும் பேராசிரியர் தம் கைப்படச் செய்த அமைப்பில் வணிகச் செயற்கைக் கோள் ஒளிபரப்பைப் பிடித்தார். இவ்விருவரின் முயற்சிகளே மேலை நாடுகளில் வீட்டுத் தட்டுத் தொழில் பிறக்கத் தூண்டுகோலாயின. ஒடிசாவின் உழவருக்கென ஒளிபரப்பிய நிகழ்ச்சி, ஐரோப்பிய இல்லம் ஒன்றின் முதற் செயற்கைக் கோள் படங்களுள் ஒன்றானது வரலாற்றின் சுவையான திருப்பமாகும்.

முதற் பயிற்சி: பழைய டி.டி.எச். தட்டு

தூர்தர்ஷனின் கட்டணமற்ற நேரடிச் சேவை 2004ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. இன்று 'ஃப்ரீ டிஷ்' என்னும் பெயரில் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் கோளிலிருந்து இது கிடைக்கிறது. மாதச் சந்தா ஏதுமில்லை. 60 சென்டிமீட்டர் தட்டு, எல்.என்.பி. எனப்படும் அலைமாற்றி, கேபிள், செட்-டாப் பாக்ஸ் ஆகிய நான்கே தேவை.

தட்டும் கம்பமும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. கட்டண டி.டி.எச். இணைப்புகள் 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஏறக்குறைய 7 கோடியாக இருந்து, 2024 மார்ச்சில் சுமார் 6.2 கோடியாகக் குறைந்தன. கைவிடப்பட்ட தட்டுகள் மாடிகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடைகளில் எடைக்குப் போடப்படுகின்றன. புனேயில் புதன், ஞாயிறு ஆகிய நாள்களில் கூடும் ஜூனா பஜாரிலும், புதவார் பேட்டையின் தப்கீர் கல்லி மின்பொருள் கடைகளிலும் தேடினால் ஏறக்குறைய எல்லா உறுப்புகளும் கிட்டும். வாங்கும் முன் ஒரே ஒரு சோதனை செய்க: தட்டின் விளிம்பின்மீது குறுக்கும் நெடுக்குமாக இரு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டால் தட்டு நெளியவில்லை. இடைவெளி விழுந்தாலோ, ஒரு நூல் மற்றொன்றை அழுத்தினாலோ தட்டு முறுக்கியுள்ளது என்று அறிக.

அடுத்தது திசை. புனே வடக்கு அட்சரேகை 18.5 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 73.9 பாகையிலும் உள்ளது. கோள் நமக்குக் கிழக்கே சுமார் 20 பாகை தள்ளி நிற்கிறது. கோள முக்கோணக் கணிதத்தின்படி கணக்கிட்டால், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 132 பாகையில், அதாவது ஏறக்குறையத் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 59 பாகை உயரத்தில் அது தென்பட வேண்டும். சென்னை வாசகருக்குத் திசை 134 பாகை. உயரம் 68 பாகை. திசைகாட்டியைக் கம்பத்தின் இரும்பிலிருந்து சில அடிகள் விலகி நின்று பார்த்தல் வேண்டும்.

புதியவரைத் திகைக்க வைக்கும் செய்தி ஒன்றுண்டு. டி.டி.எச். தட்டு முழுப் பரவளையமன்று. அதன் ஒரு பக்கத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு. அலைமாற்றியின் நிழல் தட்டில் விழாதபடி இவ்வாறு செய்துள்ளனர். ஆதலால் அது தன் முகம் காட்டும் திசையைவிடச் சுமார் 25 பாகை மேலே பார்க்கிறது. 59 பாகை உயரத்துக் கோளைப் பிடிக்கப் புனேயில் தட்டைச் செங்குத்திலிருந்து ஏறக்குறைய 34 பாகை பின்னோக்கிச் சாய்த்தாலே போதும். இதனை அறியாதவர் தட்டை வானோக்கி மல்லாத்திவிட்டு, அலை இல்லை என்று முடிவு செய்வர்.

இத்தட்டின் பார்வை அகலம் சுமார் 3 பாகையே. சைட் காலத்து 3 மீட்டர் வலைத் தட்டுக்கு அது 8 பாகையாக இருந்தது. வியப்பு என்னவெனில், குவிக்கும் ஆதாயத்தில் சிறு தட்டே உயர்ந்தது: பெரிய வலைத் தட்டுக்குச் சுமார் 26 டெசிபெல், சிறு தட்டுக்குச் சுமார் 35. அலை குறுகியதே காரணம். ஆனால் அதற்கு ஈடாகத் திசையில் கூடுதல் கவனத்தை அது கேட்கிறது. கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தூக்குக் குண்டு கொண்டு முதலில் பார்த்துக் கொள்ளுங்கள். சாய்வை நிறுத்தி வைத்துத் தட்டைக் கிடையாக மிக மெல்ல, ஒரு முறைக்கு ஒரு பாகை அளவில் திருப்புங்கள். செட்-டாப் பாக்ஸ் எண்முறை அலையைப் பூட்டிப் படமாக்கச் சில நொடிகள் எடுக்கும். ஆகவே ஒவ்வொரு நிலையிலும் ஐந்து நொடியாவது காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் பயிற்சி: கதிரவனை அளத்தல்

அதே தட்டு தொலைக்காட்சிக்கு மட்டுமன்று, வானியலுக்கும் கருவியாகும். புனேயின் கணேஷ்கிண்டில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் அயூகா என்னும் வானியல் மையமும், கோடட் தொலைநோக்கியை நடத்தும் தேசிய வானொலி வானியற்பியல் மையமும் அடுத்தடுத்து உள்ளன. டி.டி.எச். தட்டையும் மலிவான அலைகாட்டியையும் இணைத்துச் சிறு வானொலித் தொலைநோக்கி அமைக்கும் பயிற்சியை அயூகாவின் வானொலி இயற்பியல் ஆய்வுக்கூடம் மாணவர்க்கு அளித்துள்ளது.

தட்டு பொருத்துநர்கள் பயன்படுத்தும் 'சாட்டிலைட் ஃபைண்டர்' என்னும் சிறு ஊசிக்காட்டியை எல்.என்.பி.க்கும் செட்-டாப் பாக்ஸுக்கும் இடையில் இணைத்துக் கொள்ளுங்கள். பாக்ஸ் தரும் 13 அல்லது 18 வோல்ட் மின்னழுத்தமே அலைமாற்றியை இயக்கும். தட்டைக் கோள்கள் இல்லாத வட வானத்தை நோக்கித் திருப்பி, ஊசி கீழ் நிலையில் நிற்குமாறு திருகுக. பிறகு அருகிலுள்ள சுவரை நோக்கித் திருப்பினால் ஊசி உயரும். வெப்பமுள்ள எப்பொருளும் வானொலி அலைகளை உமிழ்கிறது என்ற இயற்பியல் விதியை மாணவர் கண்ணாரக் காண்பர். குளிர்ந்த வானம், வெதுவெதுப்பான சுவர் ஆகிய இரண்டும் நம் அளவுகோலின் இரு முனைகளாகும்.

இனி கதிரவன். அலைமாற்றியின் நிழல் தட்டின் கீழ் விளிம்பையொட்டி விழும்போது தட்டு ஏறக்குறையக் கதிரவனை நோக்குகிறது. கதிரவன் செல்லும் வழியில் சற்று முன்னதாகத் தட்டை நிறுத்திவிட்டு, அரை நிமிடத்திற்கு ஒரு முறை ஊசியின் நிலையைக் குறித்து வாருங்கள். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், 3 பாகைப் பார்வையைக் கடக்கக் கதிரவனுக்குச் சுமார் 12 நிமிடம் ஆகும். வரைபடத்தாளில் குறித்தால் மணி வடிவக் கோடு கிடைக்கும். அதன் பாதி உயரத்து அகலத்திலிருந்து தட்டின் பார்வை அகலத்தை மாணவர் தாமே கணக்கிடலாம். ஆண்டுக்கு இரு முறை, சம இரவுப் பகல் நாள்களையொட்டிச் சில நாள்கள் செயற்கைக் கோள் ஒளிபரப்பு சில நிமிடங்கள் தடைப்படுவதற்குக் காரணமும் இப்போது விளங்கும். கதிரவன் கோளுக்கு நேர் பின்னால் வரும்போது அதன் வானொலி இரைச்சல் கோளின் அலையை விழுங்கிவிடுகிறது.

மூன்றாம் பயிற்சி: வலைத் தட்டு

முழுவதும் கையால் செய்ய விரும்புவோர் 21 சென்டிமீட்டர் அலையைத் தேர்ந்தெடுத்தல் நன்று. நம் பால்வீதியில் பரவியுள்ள ஹைட்ரஜன் வாயு 1,420 மெகாஹெர்ட்ஸில் தானாகவே இவ்வலையை உமிழ்கிறது. 1944இல் ஊகிக்கப்பட்டு 1951இல் கண்டறியப்பட்ட இவ்வலையை எவரும் பூட்டிவைக்க முடியாது. எந்த உடன்பாடும் முடிந்து அது நின்றுவிடாது.

ஒன்றரை மீட்டர் விட்டமும் 60 சென்டிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட தட்டு வீட்டு மாடிக்கு ஏற்றது. ஒவ்வொரு புள்ளியிலும் பள்ளத்தின் உயரம், நடுவிலிருந்து அப்புள்ளியின் தொலைவை அதனாலேயே பெருக்கி 240ஆல் வகுத்தால் கிடைக்கும். நடுவிலிருந்து 15 சென்டிமீட்டரில் 0.9, 30இல் 3.8, 45இல் 8.4, 60இல் 15, விளிம்பாகிய 75இல் 23.4 சென்டிமீட்டர். இக்கோட்டைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் வரைந்து, 12 அலுமினியப் பட்டைகளை அதற்கேற்ப வளையுங்கள். மூங்கில் பிளாச்சும் உதவும். அவற்றை நடுவில் ஒரு வட்டப் பலகையிலும் விளிம்பில் ஒரு வளையத்திலும் பிணைத்து, அரை அங்குலக் கண்ணுள்ள ஜி.ஐ. வலையைப் பன்னிரண்டு ஆப்புத் துண்டுகளாக வெட்டிக் கட்டுக் கம்பியால் தைத்துவிடுக. பிசகு ஒன்றே கால் சென்டிமீட்டர் வரை பொறுக்கப்படும்.

சரிபார்க்கக் கருவி வேண்டா, நூல் போதும். பரவளையத்தின் இயல்பின்படி, குவியத்திலிருந்து பரப்பின் எப்புள்ளிக்கும் உள்ள தொலைவையும், அப்புள்ளியிலிருந்து விளிம்புத் தளம் வரையுள்ள உயரத்தையும் கூட்டினால் எங்கும் ஒரே அளவு வரும். நம் தட்டில் அது 83.4 சென்டிமீட்டர். விளிம்பிற்குக் குறுக்கே நூல்கள் கட்டி, பல இடங்களில் அளந்து, மாறுபடும் இடத்தில் வலையை இழுத்தோ தளர்த்தியோ சீர்செய்யலாம்.

குவியத்தில் அலையை ஏந்த 16 சென்டிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமும் உள்ள தகர டப்பா போதும். அதன் மூடிய அடியிலிருந்து 8.3 சென்டிமீட்டர் தள்ளித் துளையிட்டு, 5.3 சென்டிமீட்டர் நீளச் செப்புக் கம்பியை உள்நோக்கி நிறுத்துக. டப்பாவின் வாய் தட்டை நோக்கிக் குவியத்தின் அருகே அமைய வேண்டும். செப்புக் கம்பியோடு ஒட்டி, இரைச்சல் குறைந்த பெருக்கி ஒன்றை இணைத்தல் இன்றியமையாதது. அதன்பின் கணினியில் செருகும் மென்பொருள் வானொலி வாங்கியில் அலையைக் காணலாம். இப்பெருக்கியும் வாங்கியும்தாம் விலை கொடுத்து வாங்க வேண்டிய முக்கிய உறுப்புகள். தட்டைத் திருப்பும் பொறியும் வேண்டியதில்லை. வலையைத் தரையில் மல்லாத்தி வைத்து உச்சியை நோக்கச் செய்தால், பூமியே அதனைச் சுழற்றும். புனேயின் உச்சி வானத்தைப் பால்வீதி ஒரு நாளில் இரு முறை கடக்கிறது. அப்போது சில நிமிடச் சராசரி எடுத்தால் 1,420 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிறு மேடு எழுவது தெரியும். டாப்ளர் விதியால் அம்மேடு சற்று நகர்ந்திருப்பதிலிருந்து வாயு நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்றும் கூறிவிடலாம்.

எச்சரிக்கைகள்

மாடியில் நிறுத்தும் இரும்புக் கம்பம் எதுவாயினும் தரையோடு மின்னிணைப்புப் பெற்றிருத்தல் வேண்டும். இடி மின்னலின்போது கேபிளைக் கழற்றிவிடுக. கைப்பிடிச் சுவரின்மீது ஏறி நின்று வேலை செய்வதைத் தவிர்க்க வேண்டும். தகட்டுத் தட்டை ஒருபோதும் பளபளப்பான தாள் ஒட்டிக் கதிரவனை நோக்கித் திருப்பாதீர், குவியத்தில் எல்.என்.பி. உருகும், கண்ணுக்கும் ஊறு நேரும். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் வலைத் தட்டையும் கயிறு கட்டி நிறுத்துக. கட்டண அலைவரிசைகளின் பூட்டை முறைகேடாகத் திறப்பதும், உரிமமின்றி அலை அனுப்புவதும் சட்ட விரோதமாகும். இங்கு கூறிய பயிற்சிகள் அனைத்தும் அலையை வாங்குபவை மட்டுமே.

பொருளாதார நோக்கு

பெரிய தட்டுகளைப் பொறுத்தவரை, விட்டம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். ஆனால் செலவு ஏறக்குறைய ஆறு மடங்கிற்கு மேல் உயரும் என்பது அனுபவ விதி. ஆகவே ஒரு பெருந்தட்டைவிடப் பல சிறு தட்டுகள் சிக்கனமானவை. கோடட் இதற்குச் சான்று. கல்விக்கும் இதே கணக்கு பொருந்தும். மாவட்டத் தலைநகரில் ஒரு விலையுயர்ந்த கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதைவிட, வட்டாரந்தோறும் உயர்நிலைப் பள்ளிகளில் மாணவரே கட்டிய வலைத் தட்டுகள் மிகுந்த பயன் தரும். அத்தட்டு கெட்டால் ஊர் வெல்டிங் பட்டறையில் செப்பனிடலாம். உதிரி உறுப்புக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கெனப் பெருந்திட்டம் தேவையில்லை. பள்ளிகள் தம் பகுதியில் கைவிடப்பட்ட டி.டி.எச். தட்டுகளை உரிமையாளரின் இசைவோடு சேகரிக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்கள் பட்டைகளை வளைத்துத் தரலாம். ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாளையொட்டித் தேசிய அறிவியல் நாள் கொண்டாடப்படும்போது கோடட் வளாகம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. மாணவர்களின் கண்காட்சியும் அங்கு நடைபெறுகிறது. உதகையைத் தன்னகத்தே கொண்ட தமிழ்நாட்டிலும் பள்ளிகள் இதே நாளில் தம் வலைத் தட்டுகளை மக்கள் முன் இயக்கிக் காட்டலாம்.

செலவுப் பட்டியல் தயாரிக்கும் அலுவலர் முதலில் எழுத வேண்டியது விலையன்று, அலைநீளம். எந்த அலையைப் பிடிக்கப் போகிறோம் என்பது தெளிவானால், எவ்வளவு துல்லியம் வேண்டும், அதற்கு எப்பொருள் போதும், எத்தனை ஊர்களுக்கு அது எட்டும் என்பவை தாமே வரிசையில் வந்து நிற்கும்.